ஒரே சனலுக்கு உரிமை கொடுத்தால் ஹொக்கி ஒளிபரப்பின் தரம் கெடுமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மகள் பாடசாலை ஹொக்கி அணியில் விளையாடுகிறாளாம். அவளுக்குக் காட்டுவோமென்று சர்வதேசப் போட்டிகளைப் போட்டால் பந்தே கண்ணில் படுவதில்லை. வீரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் கோல் விழுந்தது தெரிகிறது. வர்ணனையும் அவளுக்கு விளங்கும் மொழியில் இல்லை. வேறு சனலைத் திருப்பலாமென்றால் வேறு யாருக்கும் உரிமை இல்லை. மகளின் ஆட்டத்தையே படமெடுத்துக் காட்டலாமா என்றும் கேட்கிறார். "ஒரே கம்பனிக்கு முழு உரிமையையும் தூக்கிக் கொடுப்பதால்தானே இந்த நிலை? நாலு சனல் காட்டினால் தரம் தானாக வந்திருக்கும் அல்லவா?" என்று முடித்திருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. படம் ஏன் மோசமாக இருக்கிறது என்பது ஒன்று. அதற்குத் தனியுரிமை ஒப்பந்தம்தான் காரணமா என்பது மற்றது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் கோபம் தவறான இடத்தில் போய் விழும். அதனால் பிரித்தே எழுதுகிறேன்.

நான் 22 வருடம் கமராவுக்குப் பின்னால் நின்றவன். கொழும்பில் தொடங்கி, வளைகுடாவில் 14 வருடம் ஓ.பி. வேனோடு (மைதானத்திலிருந்தே ஒளிபரப்பைத் தயாரிக்கும் வண்டி) அலைந்தேன். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், ஹொக்கி எல்லாம் எடுத்திருக்கிறேன். இப்போது கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன், பாடசாலை விளையாட்டுப் போட்டிகளை லைவ் கொடுக்கும் பையன்களுக்குக் கைகொடுக்கிறேன். உரிமை விற்கும் மேசையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த ஒப்பந்தம் வேனுக்குள் வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரியும்: எத்தனை கமரா, எத்தனை ஆள், எந்த இடம், எத்தனை மணிக்கு லைன் திறக்கும் என்று எழுதிய இரண்டு மூன்று பக்கத் தாள். ஆகவே படம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பணக்கணக்கு பற்றிச் சொல்வதை வெளியில் நின்று பார்த்த ஒருவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பலருக்குத் தெரியாத ஒன்று. போட்டியைப் படம் பிடிப்பவர் வேறு, அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருபவர் வேறு. பெரிய தொடர்களில் மைதானத்தில் ஒரே ஒரு தயாரிப்புக் குழுதான் நிற்கும். அவர்கள் எடுத்துக் கோர்த்து அனுப்பும் படத்தைத்தான் உலகம் முழுக்க உரிமை வாங்கிய எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். நாலு சனலுக்கு உரிமை இருந்தாலும் நாலிலும் ஒரே படம்தான் ஓடும். மாறுவது வர்ணனை, விளம்பரம், மூலையில் போடும் சின்னம், அப்புறம் படத்தை எவ்வளவு நசுக்கி அனுப்புகிறார்கள் என்பது. ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு 2024 கடைசியில் மறுபடி தொடங்கிய ஹொக்கி இந்தியா லீக்கைத் தூர்தர்ஷனும் காட்டியது, சோனியும் காட்டியது. மாற்றி மாற்றிப் பார்த்தேன். கமரா ஒன்றே, ரிப்ளே ஒன்றே.

ஒலிம்பிக்கை எடுத்துப் பாருங்கள், இது இன்னும் தெளிவாகும். ஒலிம்பிக் படங்களை எடுக்கவென்றே சர்வதேச ஒலிம்பிக் குழு 2001 இல் தனி அமைப்பு ஒன்றை உண்டாக்கியது. டோக்கியோவில் 41 வருடத்துக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி வெண்கலம் எடுத்தபோதும், பரிஸில் மறுபடி எடுத்தபோதும் நாம் பார்த்த படங்கள் அவர்கள் எடுத்தவை. ஒலிம்பிக் உரிமையும் நாட்டுக்கு நாடு பெரும்பாலும் தனியுரிமையாகத்தான் விற்கப்படுகிறது. ஆனாலும் ஹொக்கியை அதைவிட நன்றாகக் காட்டி நான் பார்த்ததில்லை. அதே 91.4 மீற்றர் மைதானம், அதே பந்து, அதே தனியுரிமை முறை. அப்படியென்றால் தனியுரிமை இருந்தாலே படம் கெடும் என்று சொல்ல முடியாது. படம் எடுப்பதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதை ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இனிப் பந்துக்கு வருவோம், உங்கள் மகளின் முறைப்பாடு அதுதானே. ஹொக்கிப் பந்தின் சுற்றளவு 224 முதல் 235 மில்லிமீற்றர். விட்டம் கிட்டத்தட்ட ஏழரை சென்ரிமீற்றர், ஒரு சின்னத் தோடம்பழம் அளவு. நடுக்கோட்டில் உயரத்தில் நிற்கும் பிரதான கமரா பாதி மைதானத்தைக் காட்டும்போது படச் சட்டத்துக்குள் ஏறக்குறைய 45 மீற்றர் அகலம் அடங்கும். முழு எச்.டி. படத்தில் குறுக்காக 1920 புள்ளிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பந்துக்குக் கிடைப்பது மூன்றே மூன்று புள்ளி. அதையே டேட்டா மிச்சம் பிடிக்க 360 இல் வைத்துப் போனில் பார்த்தால் குறுக்காக 640 புள்ளிதான், பந்து ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ட்ராக் ஃப்ளிக் (பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி விடும் அடி) அடித்தால் பந்து மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும், செக்கனுக்கு 28 மீற்றர். செக்கனுக்கு 25 படம் அனுப்பினால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பந்து ஒரு மீற்றருக்கு மேல் தாவிவிடும். 50 படம் அனுப்பினால் அந்தத் தாவல் பாதியாகும். கோலடிக்க உள்ளே நிற்க வேண்டிய வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீற்றர். அங்கிருந்து விட்ட பந்து கோலுக்குள் போக அரைச் செக்கன் போதும். 25 படக் கணக்கில் அந்த முழு அடியும் 13 படத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இதற்கு மேல் நசுக்கல் இருக்கிறது. இன்டர்நெட்டிலோ டிஷ்ஷிலோ படத்தை அனுப்புமுன் ஒரு பெட்டி அதைச் சுருக்கும். படத்தில் பெரிதாக மாறாதவற்றை வைத்துக்கொண்டு, சின்னதாக இருந்து வேகமாக ஓடுவதைத்தான் அது முதலில் விட்டுவிடும். ஹொக்கிப் பந்து சரியாக அந்த வகை. போதாததற்கு ஈரமாக்கிய செயற்கைத் தரையில் பந்தோடு சேர்ந்து தண்ணீர்த் துளிகளும் தெறிக்கும். அந்தத் தெறிப்பையும் பந்தையும் அந்தப் பெட்டியால் பிரித்தறிய முடியாது. கிரிக்கெட் நன்றாகத் தெரிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கிரிக்கெட்டில் வீசும் பந்து எங்கே போகப்போகிறது என்று கமராக்காரருக்கு முன்னமே தெரியும். பந்து வீசும்போது படம் நெருக்கமாகவும் இருக்கும். ஹொக்கியில் இரண்டும் இல்லை.

இது விளையாட்டை நடத்துபவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீலத் தரையும் மஞ்சள் பந்தும் கொண்டுவந்தார்கள், டிவியில் பந்து எடுத்துத் தெரியட்டும் என்று. 2014 இல் 35 நிமிடப் பாதிகள் இரண்டை மாற்றி, 15 நிமிடக் கால்பகுதி நான்காக்கினார்கள். விளம்பரத்துக்கும் ரிப்ளேக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. பனி ஹொக்கிக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அமெரிக்காவில் அப்போது தேசிய உரிமை வைத்திருந்த ஃபொக்ஸ், 1996 இல் அங்கே பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டை இரண்டாகப் பிளந்து, உள்ளே மின்சுற்று வைத்து மறுபடி ஒட்டியது. வட்டு எங்கே போனாலும் திரையில் அதைச் சுற்றி நீல ஒளி வரும். வேகமாக அடித்தால் பின்னால் சிவப்பு வால் நீளும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது உதவியது, பழைய ரசிகர்களுக்கு அறவே பிடிக்கவில்லை. 1998 இல் கைவிட்டார்கள். தனியுரிமை வைத்திருப்பவர் தரத்துக்காகக் காசு போடமாட்டார் என்று சொல்வதற்கு இது எதிர்ச்சாட்சி. அவர் போடுவார். ஆனால் எதில் போடுவது என்பதை அவர் மட்டுமே தீர்மானிப்பார்.

கமரா எண்ணிக்கையைப் பற்றி நான் நேரில் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஹொக்கித் தொடருக்குத் தாளில் எட்டுக் கமரா என்று எழுதியிருந்தது. நடுக்கோட்டில் உயரத்தில் இரண்டு, இரண்டு கோலுக்கும் பின்னால் உயரத்தில் ஒவ்வொன்று, தரையில் இரண்டு, மெதுவாகக் காட்டுவதற்கு ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. போட்டிக்கு முந்தின நாள் செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது, ஐந்தாக்கினார்கள். போனவற்றில் ஒரு கோலுக்குப் பின்னால் நின்ற கமராவும் ஒன்று. மூன்றாம் நாள் அந்தக் கோலில்தான் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று பிரச்சினை வந்தது. வீடியோ நடுவர் எங்களிடம் கோணம் கேட்கிறார். பக்கவாட்டில் எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறது, அதில் கோல்காப்பாளரின் கால்பட்டை பந்தை முழுதாக மறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு தரம் ஓட்டிக் காட்டினோம். தீர்மானிக்க முடியவில்லை என்று அறிவித்தார்கள். பந்தை அடித்த பையன் புற்தரையில் குந்தியிருந்து எங்கள் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் போட்டியின் உரிமை ஒருவரிடமா, நாலு பேரிடமா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. எட்டுக் கமரா என்பது எங்கள் வேலைத்தாளில் மட்டும் இருந்தது, மீறினால் என்ன என்று எந்த ஒப்பந்தப் பத்திரத்திலும் இல்லை. குறை அங்கேதான் இருந்தது.

பெனால்டி கோர்னர் (வட்டத்துக்குள் தடுப்பணி தவறு செய்தால் மற்ற அணிக்குக் கிடைக்கும் அடி) ஒன்றை வேனுக்குள் இருந்து பார்த்தால் ஆள் குறைவது ஏன் படத்தைக் கெடுக்கிறது என்று விளங்கும். நடுவர் கை காட்டியதும் 40 செக்கன் கடிகாரம் நிற்கும். அதற்குள் டைரக்டர் முகக்கவசம் போடும் தடுப்பாளர்களைக் காட்ட வேண்டும், அடிக்கப்போகிறவரின் முகத்தைக் காட்ட வேண்டும், பிறகு அகலப் படத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பந்தைத் தள்ளுபவரின் மட்டை அசையும்போது திரையில் அகலப் படம் இல்லையென்றால் எல்லாம் போச்சு. தள்ளி, நிறுத்தி, அடித்து, கோலாகி முடிய இரண்டு செக்கன்கூட ஆகாது. நல்ல டைரக்டர் அந்த நேரத்தில் படத்தை மாற்றவே மாட்டார், கை பொத்தானுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும், அழுத்தாது. அனுபவம் இல்லாதவர் பரபரப்பில் நெருக்கப் படத்துக்குப் போவார், பந்து சட்டத்துக்கு வெளியே போய்விடும். நீங்கள் "கோல் விழுந்த பிறகுதான் தெரிகிறது" என்று எழுதியது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கலாம், உங்கள் சனல்காரர் அந்த 40 செக்கனில் விளம்பரம் போட்டுவிட்டுத் தாமதமாகத் திரும்பியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. விளம்பரம் முடிந்து பாதி ஓட்டத்தில் படம் தொடங்கினால் தவறு சனலுடையது. விளம்பரமே இல்லாமல் கோல் தவறினால் தவறு மைதானத்தில் இருப்பவருடையது.

ரிப்ளேயும் அப்படித்தான். 2023 ஓகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம் நினைவிருக்கிறதா? மலேசியாவிடம் 1–3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 45ஆம் நிமிடத்துக்குள் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு 3–3 ஆக்கியது. கடைசியில் 4–3 என்று வென்றது. இப்படியொரு நிமிடத்தில் முதல் கோலின் ரிப்ளேயை நாலு கோணத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டாவது கோல் ஓடியே போய்விடும். எப்போது ரிப்ளேயை நிறுத்துவது என்று தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். செலவு குறைக்கும்போது முதலில் கைவைப்பது இந்த ஆட்களில்தான். இப்போது ஆளே இல்லாமல் தானாகப் பந்தைத் தேடும் கமராக்களும் வந்துவிட்டன. 2020 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தின் இன்வெர்னஸ் நகரில் ஒரு உதைபந்தாட்டப் போட்டியில் அப்படியொரு கமரா, கோட்டோர நடுவரின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணி அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. சின்னச் சின்னப் போட்டிகளுக்கு அந்தக் கமரா நல்ல உதவி, ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் மூன்று புள்ளி அளவான ஹொக்கிப் பந்தை அதனிடம் நம்பி ஒப்படைக்க நான் தயாரில்லை.

சரி, தனியுரிமைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. ஹொக்கி மாதிரி ஒரு விளையாட்டுக்கு உரிமை வாங்க வாசலில் வரிசை நிற்பதில்லை. எல்லாருக்கும் கொடுப்போம் என்றால் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம்தான் தருவார்கள், அந்தக் காசில் எட்டுக் கமரா வராது. எனக்கு மட்டும் என்றால்தான் ஒருவர் துணிந்து முதல் போடுவார். இதை நான் மறுக்கவில்லை. பாதிப்பு வருவது படத்தைக் கொண்டுவரும் வழியில். நசுக்கி அனுப்பினாலும், விளம்பரத்தால் திரையை எல் வடிவத்தில் சுருக்கினாலும், கிரிக்கெட் வந்தால் ஹொக்கியைத் தூக்கி வேறு சனலில் போட்டாலும், முழுப் போட்டியைப் பிறகு பார்க்கக் கொடுக்காவிட்டாலும், பார்ப்பவன் போவதற்கு வேறு இடம் இல்லை. பார்ப்பவன் போகமாட்டான் என்று தெரிந்த பிறகு திருத்துவதற்கான அவசரமும் இருக்காது.

இதற்கு உலகத்தில் எல்லார் கண்முன்னாலும் நடந்த ஒரு உதாரணம் கனடாவின் பனி ஹொக்கி. ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவின் வீட்டில் சனிக்கிழமை இரவென்றால் அதுதான் ஓடும், பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அங்கே 1952 முதல் அரசு ஒளிபரப்பாளரான சி.பி.சி., அமெரிக்க, கனேடிய அணிகள் ஆடும் என்.எச்.எல். தொடரின் சனிக்கிழமை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டிவந்தது. டி.எஸ்.என். என்ற விளையாட்டுச் சனலிடமும் தேசிய உரிமையில் ஒரு பங்கு இருந்தது. 2013 நவம்பரில் ரொஜர்ஸ் நிறுவனம் 12 வருடத்துக்கு 5.2 பில்லியன் கனேடிய டொலர் கொடுத்து தேசிய உரிமை முழுவதையும் வாங்கியது. 2014 பருவத்திலிருந்து சி.பி.சி. அதே நிகழ்ச்சியை ரொஜர்ஸுக்காகக் காட்டியது, விளம்பர வருமானம் ரொஜர்ஸுக்கு. புதிய கை வந்ததும் புதிய முகம் வேண்டுமென்று பல வருடம் அந்த நிகழ்ச்சியை நடத்திய ரொன் மெக்லீனை மாற்றினார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. 2016 இல் அவரையே திரும்பக் கூட்டிவந்தார்கள். அப்புறம் 2025 இல் அதே ரொஜர்ஸ் இன்னும் 12 வருடத்துக்கு 11 பில்லியனுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது.

இதில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உரிமை கைமாறியதும், தொகையும், மெக்லீன் போய் வந்ததும் பதிவில் இருப்பவை. முதல் வருடங்களில் பார்ப்பவர்கள் குறைந்ததற்குத் தனியுரிமைதான் காரணம் என்று சிலர் எழுதினார்கள். அதை என்னால் அப்படியே ஏற்க முடியாது. 2016 இல் இறுதிச் சுற்றுகளுக்கு ஒரு கனேடிய அணிகூடத் தகுதி பெறவில்லை, 1970 க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தரம். சொந்த அணி ஆடாவிட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஆகவே குறைவுக்கு எவ்வளவு பங்கு அணிகளுடையது, எவ்வளவு பங்கு ஒளிபரப்புடையது என்று யாரும் வெட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் நான் நம்புகிறேன். போட்டிச் சனல் ஒன்று தேசிய ஆட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்திருந்தால், மெக்லீனைத் திரும்பக் கூட்டிவர இரண்டு வருடம் எடுத்திருக்காது.

அதே கனடாவில் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும், உங்கள் மகளின் வர்ணனைப் பிரச்சினைக்கு அது நேரே வரும். 2008 இல் சி.பி.சி. பஞ்சாபி மொழியில் ஹொக்கி வர்ணனையைத் தொடங்கியது. பிறகு அது ரொஜர்ஸின் பன்மொழிச் சனலுக்குப் போனது. 2016 இறுதியாட்டத் தொடரில் பிட்ஸ்பர்க் வீரர் பொனினோ கோல் அடித்ததும், பஞ்சாபி வர்ணனையாளர் ஹர்நாராயண் சிங் அந்தப் பெயரையே மூச்சுவிடாமல் திரும்பத் திரும்பக் கூவிய துண்டு உலகம் முழுக்கச் சுற்றியது. பிட்ஸ்பர்க் அணி கிண்ணம் வென்றதும் அந்தப் பஞ்சாபிக் குழுவைத் தங்கள் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு அழைத்தது. கவனியுங்கள், படம் ஒன்றுதான், கமரா கூடவில்லை. ஒரு சின்ன அறை, இரண்டு மூன்று பேர், ஒரு ஒலி லைன். அதற்குள் பாட்டிகள்கூட ஹொக்கி பார்க்கத் தொடங்கினார்கள். தமிழ் வர்ணனைக்கும் இவ்வளவுதான் தேவை. மட்டக்களப்பில் விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர்களைக் கேட்டிருப்பீர்கள், பந்து போகும் வேகத்துக்கு வாய் போகும். ஆளுக்குப் பஞ்சமில்லை. உரிமை வைத்திருப்பவருக்கு அதைத் தனியாகக் கேட்க ஒருவருமில்லை என்பதுதான் குறை.

ஏனென்றால் நமக்கு வரும் ஒப்பந்தத்தில் நாம் பிரதான ஆள் இல்லை. சர்வதேசத் தொடர்களின் உரிமையை நாடு நாடாக விற்பதைவிட "இந்தியத் துணைக்கண்டம்" என்று ஒரே பொதியாகக் கட்டி விற்பதுதான் வழக்கம். இந்தியச் சந்தையை நினைத்து விலை பேசுவார்கள், இலங்கை அந்தப் பொதியில் வாலாக ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் வேறு தேசத்தில் இருப்பவருக்கு இலவசமாக ஓடும் லைவ், உங்கள் போனில் "உங்கள் பிரதேசத்தில் கிடைக்காது" என்று நிற்கிறது. இந்தியாவுக்கு 2007 இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் படத்தைத் தனியுரிமை வாங்கியவர் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்கிறது அது. ஆனால் அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் சொந்தக் கோபுரங்களுக்கும் அதன் இலவச டிஷ்ஷுக்கும் மட்டும்தான், தனியார் கேபிளுக்குப் போகக்கூடாது என்று 2017 இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அவர்கள் நாட்டுக்கான பாதுகாப்பு. அக்கரைப்பற்றில் இருக்கும் உங்களுக்கு அதில் எந்த உரித்தும் இல்லை.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரே சனலா பல சனலா என்று கேட்கமாட்டேன். ஒப்பந்தத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பேன். குறைந்தது எத்தனை கமரா, இரண்டு கோலுக்குப் பின்னாலும் கமரா உண்டா, செக்கனுக்கு எத்தனை படம், பெனால்டி கோர்னரின்போது விளம்பரம் போடத் தடை உண்டா, தமிழ் ஒலி உண்டா, உரிமை வாங்கியும் காட்டாத ஆட்டங்களை வேறு யாராவது காட்டலாமா. உள்ளூர் தொடர்களுக்கு உரிமை கொடுப்பது நம்முடைய சங்கங்கள்தான். அங்கே கூட்டத்தில் எழும்பி இதைக் கேட்க ஒரு தகப்பனால் முடியும். சர்வதேசத் தொடர் விஷயத்தில் நம் குரல் போய்ச் சேருமென்று பொய் ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் உண்டு. டிவியின் பட அமைப்புக்குள் போய் இரைச்சல் குறைப்பு என்று இருப்பதை முழுதாக நிறுத்துங்கள். படத்தில் துள்ளும் சின்னப் புள்ளிகளை அழுக்கு என்று எண்ணித் துடைப்பதுதான் அதன் வேலை, பந்தையும் துடைத்துவிடும். போனில் பார்த்தால் 1080 ஐத் தேடாமல் 720 இல் 50 படம் என்று இருக்கிறதா பாருங்கள், ஹொக்கிக்கு அதுதான் நல்லது. டேட்டா குறைவென்றால் முழுப் போட்டியையும் மங்கலாகப் பார்ப்பதைவிட ஒரு கால்பகுதியைத் தெளிவாகப் பார்ப்பது மகளுக்குப் பிரயோசனம். மாரியில் வானம் இருட்டும்போது டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைவது மழையால், அதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை.

கடைசியாக, மகளின் ஆட்டத்தையே எடுத்துக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் எடுங்கள். சர்வதேசப் படத்தைவிட அவளுக்கு அதுதான் கூடப் பயன்படும். தரையில் நின்று எடுக்காதீர்கள். நடுக்கோட்டுக்கு நேரே, இரண்டு ஆள் உயரமாவது மேலே போங்கள், லொறித் தட்டு போதும், பாடசாலையின் மாடி கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னேர ஆட்டமென்றால் மேற்குப் பக்கம் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் விழட்டும். போனின் வீடியோ அமைப்பில் 60 படம் என்று மாற்றுங்கள், ஸூம் பண்ணாதீர்கள். பந்தைத் துரத்திக் கமராவைத் திருப்பாமல், பந்து யாரிடம் போகப்போகிறது என்று பார்த்து முன்கூட்டியே மெல்லத் திருப்புங்கள். நானும் முதல் வருடம் பந்தைத்தான் துரத்தினேன், எடுத்த படமெல்லாம் காலியிடமாக இருந்தது. கச்சான் வீசும் மாதங்களில் மைக்குக்கு மேல் ஒரு துண்டு பஞ்சுத்தாளை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றைத் தவிர வேறொன்றும் கேட்காது. காய்ந்த புல்லில் வெள்ளைப் பந்து காணாமல் போகும், பயிற்சிக்கு ஒரு செம்மஞ்சள் பந்து வாங்கிக் கொடுங்கள். எடுத்ததும் பாதி வேகத்தில் ஓட்டி, பந்து இல்லாத நேரத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்பதை மட்டும் அவளையே பார்க்கச் சொல்லுங்கள். டிவிக்காரர்கள் எத்தனை கமரா வைத்தாலும் அதை அவளுக்குக் காட்டமாட்டார்கள்.